கைமாறும் கடல்வழி

எழும்பூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அந்தி சாய்ந்ததும் கிளம்பும் ரயிலை இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். அது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய போட் நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அக்கரையான இலங்கையில், போர்க்காலத்தில் அழிந்துபோன தண்டவாளத்தை மறுபடி பதித்து, 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயிலை ஓடவிட்டார்கள். இந்தியப் பிரதமரே நேரில் போய்க் கொடியசைத்தார். ஆக, இந்தக் கரையிலும் ரயில் வந்து நிற்கிறது, அந்தக் கரையிலும் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு குறுகிய கடல். அதைக் கடக்கத்தான் கப்பல் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் பெரும்பாலோர் 1964 டிசம்பர் புயலைச் சொல்வார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது உண்மை. பயணிகளோடு ஒரு ரயிலே போனது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு துறையை ராமேஸ்வரத்துக்கு மாற்றிக்கொண்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கப்பல் ஓடத்தான் செய்தது. போர் நிறுத்திவிட்டது என்பார்கள் சிலர். போர் முடிந்தும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. புயலும் போரும் ஒரு துறைமுகத்தை மூடலாம். ஒரு தொழிலை வேரோடு சாய்ப்பதற்கு அவற்றைவிட நிதானமான, ஓசையில்லாத ஒன்று வேண்டும். அது எல்லையில் எழுதப்படும் விதி.

பாக் நீரிணையின் நூற்றிருபது ஆண்டுக் கதையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எல்லையில் புதிய விதி வந்தபோதெல்லாம் மக்கள் போய்வருவது அடியோடு நின்றுவிடவில்லை. அவர்களைக் கொண்டுபோய் விடும் தொழில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. தோணிக்காரரிடமிருந்து கப்பல் கம்பெனிக்கு, கப்பல் கம்பெனியிடமிருந்து ஏஜென்டுக்கும் கடத்தல்காரருக்கும், கடைசியில் விமான நிறுவனத்துக்கு. விதி போட்டவர்கள் அச்சத்தைப் பற்றி யோசித்தார்கள். தொழில் யார் கைக்குப் போகும் என்று யோசித்ததற்கு அதிக அடையாளம் இல்லை.

பிளேக் திருப்பிய பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் போனது நடந்துதான். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணியின் பின்னால் கடற்கரைக்கு வருவார்கள். தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம் போன்ற சின்னத் துறைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். பிறகு காட்டுவழியே மாத்தளை நோக்கி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கு வைத்தவர் எவரும் இல்லை. கொடுமையான பாதை; ஆனாலும் அந்தக் கரையோரத்துத் தோணிக்காரர்களுக்கும் சோறு போட்ட கடைக்காரர்களுக்கும் அதுதான் பிழைப்பு.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. கொழும்பு அரசுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் கிலி பிடித்துக்கொண்டது. நூற்றாண்டு முடிவதற்குள் மன்னார்ப் பாதை மூடப்பட்டது. தொழிலாளர்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில்தான் போக வேண்டும் என்று ஆனது. தூத்துக்குடிக்கு 1870களிலேயே ரயில் வந்துவிட்டது. பக்கத்தில் தட்டப்பாறையில் ஒரு நோய்த்தடுப்பு முகாம் போட்டார்கள். நோய்க்குப் பயந்து எடுத்த ஒரு முடிவில், தொண்டியின் தோணிக்காரரிடமிருந்த பயணிகள் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் கையில் போய்ச் சேர்ந்தார்கள். பிளேக் ஒருநாள் அடங்கியது. பாதை தோணிக்குத் திரும்பவில்லை.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச் 1ஆம் தேதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடத் தொடங்கின. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் போய் இறங்கலாம். இரவு ரயில், மறுநாள் பிற்பகல் கப்பல், இரண்டு மணிநேரக் கடல், மறுபடி இரவு ரயில், விடிந்தால் கொழும்பு. தனுஷ்கோடியில் ரயில் கப்பலடிக்கே வந்து நிற்கும். சுங்கச் சோதனை, சுகாதாரச் சோதனை எல்லாம் கால அட்டவணைக்குள்ளேயே அடங்கியிருந்தன. பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் கடலைக் கடக்க பாஸ்போர்ட் காட்டும் வழக்கமும் இல்லை.

இதைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் மண்டபம் முகாமைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தட்டப்பாறையின் இடத்துக்கு வந்தது அது. நிலம் இந்தியாவில், நடத்தியது இலங்கை அரசு. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியை அங்கே நாள்கணக்கில் இருத்தி வைப்பார்கள். அம்மை குத்துவார்கள், துணிமணியைக் கிருமிநீக்கம் செய்வார்கள். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர டிக்கெட்டை ஆள் மேலேயே கட்டியிருக்க வேண்டும். அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார், வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்பதை அந்தத் தகரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அதே ரயிலில் முதல் வகுப்பில் வந்தவருக்கோ மருத்துவரின் ஒரு பார்வையோடு எல்லாம் முடிந்தது. அந்த இடத்தின் ரயில் நிலையத்துக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர்.

தொழிலாளியை மிருகம்போல் நடத்திய அந்த ஏற்பாட்டில் தொழில் நடத்துகிறவருக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. சோதனைக்கான செலவு கப்பலின் தலையில் விழவில்லை. முகாமை இலங்கை அரசு பார்த்துக்கொண்டது. 1904இல் திருச்சியில் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் ஆள் திரட்டி அனுப்பும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதன் பின்னால் இருந்தது தோட்ட முதலாளிகளின் பணம். யாருக்காகச் சோதனை நடந்ததோ அவர்களே அதற்குப் பணம் கொடுத்தார்கள். பிற்பாடு வந்த எந்த விதியிலும் இந்தத் தெளிவு இருக்கவில்லை.

1949 நவம்பர் 1

முதல் விரிசல் இந்தியாவிலிருந்து வந்தது. இலங்கை அரசு இந்தியத் தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியதும், 1939 ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்பு வேலைக்கு இலங்கை செல்வதை இந்தியா தடைசெய்தது. தோட்டத்திலிருந்து பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்து திரும்பும் வழக்கத்துக்கும் அதனால் இடைஞ்சல் வந்தது. பத்து ஆண்டு கழித்து இலங்கை அதைவிடப் பெரிய கதவைச் சாத்தியது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து எழும்பூர் டிக்கெட் மட்டும் போதாது. பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். தங்கி வியாபாரம் செய்கிறவருக்குத் தற்காலிக வசிப்பு அனுமதி வேண்டும். இந்தியப் பக்கத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வேறு. ரிசர்வ் வங்கியின் ‘பி ஃபார்ம்’ இல்லாமல் வெளிநாட்டு டிக்கெட் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது.

கொழும்புச் செட்டியார் தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த நகரத்தார், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றி அனுப்பித் தொழில் நடத்தியவர்கள். ஊரிலிருந்து அடுத்த ஆள் வரமுடியாவிட்டால் அந்தக் கணக்கே குலைந்துவிடும். அனுமதி புதுப்பிப்பது கடினமாக ஆக, பல கடைகள் ஒவ்வொன்றாகக் கணக்கை முடித்துக்கொண்டன. அவர்களுக்காகவே ஓடிய பயணமும் சுருங்கியது. ரயில்வே தன் டிக்கெட்டைத் தொடர்ந்து விற்றது. ஆனால் பயணத்தின் கடினமான பகுதி படிவத்துக்கும் முத்திரைக்கும் மாறிவிட்டது. அதைச் செய்து கொடுப்பவர் ஏஜென்ட். அந்தப் புதுத் தொழிலை வளர்த்தது விதிதான். விதி எவ்வளவு சிக்கலாகிறதோ அவ்வளவு ஏஜென்டுக்கு வேலை.

படிவத்தின் வழியாகப் போக முடியாதவர்கள் வேறு வழியில் போனார்கள். 1952இலேயே இலங்கை ராணுவம் ‘ஆபரேஷன் மான்ட்டி’ என்ற பெயரில் கள்ளத்தனமாக வருகிறவர்களைப் பிடிக்கக் கரையோரக் காவலில் இறங்கியது. 1963இல் அது தனிப் படைப்பிரிவாகவே விரிந்தது. பிடிக்க ஆள் போடும் அளவுக்கு ஒரு தொழில் அதற்குள் வளர்ந்திருந்தது என்பதுதான் அதன் பொருள். வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. ஓட்டிப் போனவர்கள் அந்த ஊர் மாலுமிகள். அத்தகைய கடலறிவு கொண்ட ஊருக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஓர் இரவுப் பயணம்தான். நேற்றுவரை வியாபாரம் என்று பெயர் பெற்ற அதே ஓட்டம், அதே தோணி, அதே சரக்கு, சட்டப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியதும் கடத்தல் ஆனது. 1960, 70களில் இலங்கை இறக்குமதியை இறுக்க இறுக்க அந்த ஓட்டத்தின் லாபம் கூடிக்கொண்டே போனது.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். மிக அண்மையில் இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது, ராமேஸ்வரம் கரையிலும் மன்னார்க் கரையிலும் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. சமையலறை அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் பொருள் நள்ளிரவில் படகேறியது.

போனவர் திரும்பாத கப்பல்

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரு தலைவர்கள் ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அதன் பிறகு ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலின் முக்கிய வேலை இந்த மனிதர்களை இக்கரைக்குக் கொண்டுவருவதுதான். கண்டியிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் அவர்களை ஏற்றி வந்த ரயிலுக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் காத்திருக்கும். மண்டபத்தில் பழைய தடுப்பு முகாமே இப்போது இடைத்தங்கல் முகாம். தாத்தா அம்மை குத்திக்கொண்டு போன இடத்தில் பேரன் குடும்ப அட்டையோடு வந்து உட்கார்ந்தான்.

பயணத் தொழில் என்ற கணக்கில் பார்த்தாலும் இது விசித்திரமான காலம். கப்பல் அக்கரையிலிருந்து நிரம்பி வரும். ஏறியவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பும் டிக்கெட் என்பதே கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வருவார் என்றால் அந்தத் தொழிலுக்கு எதிர்காலம் எங்கே இருக்கிறது? கடைசி ஆண்டுகளில் கப்பலைத் தாங்கியது அரசுகளின் ஒப்பந்தம். வியாபாரப் பயணி, யாத்திரிகர், உறவுக்காரர் என்ற பழைய கூட்டம் அதற்குள் மெலிந்திருந்தது. ஆகவே 1983 கலவரத்துக்குப் பிறகு கப்பல் நின்றபோது, அதைக் காப்பாற்றக் கோரி வரிந்துகட்டிக்கொண்டு நிற்க ஒரு வணிகர் சங்கம்கூட இல்லை.

நின்றது கப்பல்தான். அகதிகள் கண்ணாடியிழைப் படகுகளில் இரவோடு இரவாக தனுஷ்கோடியின் அரிச்சல்முனை மணல்திட்டுகளில் வந்து இறங்கினார்கள். இருந்த நகையை விற்றுப் படகுக்காரருக்குக் கொடுத்தவர்கள் அவர்களில் ஏராளம். சட்டப்படி போய்வர முடிந்தவர்கள் கொழும்பு விமான நிலையத்துக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வருவதற்கு முதலில் தெற்கே நானூறு கிலோமீட்டர் போய், பிறகு வடக்கே பறந்து வர வேண்டியிருந்தது. 2019இல் யாழ்ப்பாணத்தை ஒட்டிய பலாலியிலிருந்து விமானம் ஓடும்வரை இதுதான் நிலை. ஏழை படகுக்கும் வசதியுள்ளவர் விமானத்துக்கும் போனதில், நடுவில் இருந்த நடுத்தரப் பயணத் தொழில் காணாமல் போயிற்று.

பெரிய கப்பலுக்கு எழுதிய சட்டம்

விதி போட்டவர்களுக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலையை இந்தக் கரை மறக்க முடியாது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியே, ஒரு மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் விதிகள் வந்தன. வந்தே ஆக வேண்டியிருந்தது. மும்பைக்குப் பிறகு மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று படகுகளுக்குச் சாயம் பூசச் சொன்னார்கள். ஈஸ்டருக்குப் பிறகு, 39 நாட்டவருக்கு மே 1 முதல் தரவிருந்த இலவச விசாவை இலங்கை ஒரே வாரத்தில் நிறுத்தி வைத்தது.

கேள்வி வேறு. ஒரு விதியின் பளுவை எல்லாரும் ஒரே மாதிரித் தாங்க முடியுமா? 2001இல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததும், கப்பலும் துறைமுகமும் தாக்குதலுக்கு இலக்காகலாம் என்று உலகக் கடல்சார் அமைப்பு புதிய பாதுகாப்பு விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2004 ஜூலை 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. சரக்குக் கப்பலென்றால் 500 டன் கொள்ளளவுக்கு மேற்பட்டவைக்குத்தான் அது பொருந்தும். இரண்டு நாடுகளுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கோ அந்த விலக்கு இல்லை. சிறியதானாலும் பெரியதானாலும் ஒரே சட்டம். பாதுகாப்புத் திட்டம் வேண்டும், அதற்குத் தனி அதிகாரி வேண்டும், துறைமுகத்தில் வேலியும் சோதனைக் கருவியும் வேண்டும். மூவாயிரம் பேரை ஏற்றும் உல்லாசக் கப்பல் இந்தச் செலவை மூவாயிரமாகப் பிரித்துக்கொள்ளும். 150 பேர் ஏறும் பாக் நீரிணைக் கப்பல் 150ஆகப் பிரிக்க வேண்டும், அதுவும் இருக்கை நிரம்பினால்.

இதோடு ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு என்று ஒன்று சேர்ந்துகொண்டது. முறையான பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத ஒருவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், கொண்டுவந்த நிறுவனத்துக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் என்றது 2000ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது அதையும் 1920, 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்களையும் நீக்கிவிட்டு 2025இல் ஒரே குடியேற்றச் சட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். கவுன்டரில் டிக்கெட் கிழிப்பவரே இனி பாதி எல்லைக் காவலர். விமான நிறுவனத்திடம் இதற்குக் கணினியும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார்கள். புதிதாகக் கடை விரித்த சின்னக் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு தவறு நடந்தால் ஒரு நடையின் வருமானத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

போர் முடிந்து 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ ஓடத் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேல் ஆட்களை ஏற்றக்கூடிய கப்பல். தாயகம் திரும்ப விரும்பிய அகதிகளில் ஒரு சிறு குழுவுக்கு அது உதவியாக இருந்தது. விமானத்தில் கொண்டுபோக முடியாத சாமான்களோடு போனார்கள். ஆனால் இருக்கை நிரம்பவில்லை. ஆறு மாதம் நிறைவதற்குள் கப்பல் நின்றுபோயிற்று. பெரிய கப்பல் வந்தால் செலவு பிரிந்துபோகும் என்ற கணக்கு, ஆள் வராவிட்டால் தலைகீழாகிவிடும்.

நாகையும் காங்கேசன்துறையும்

அடுத்த முயற்சி சிறிய கப்பலில். 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ கிளம்பியது. 150 இருக்கை, ஏறத்தாழ 60 கடல் மைல். டிக்கெட் 6,500 ரூபாய். 18 சதவீத வரி சேர்த்து 7,670. முதல் நாளுக்கு மட்டும் 2,800 ரூபாய் அளவில் கொடுத்தார்கள். வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி 20ஆம் தேதியே அந்தப் பருவத்தை முடித்தார்கள். 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு ஒரு தனியார் நிறுவனம் வந்தது. கட்டணம் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி. மழைக்காலம் வந்ததும் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது.

இந்தக் கப்பலை ஓடவைத்தது எது என்று பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. நாகை துறைமுகத்தில் ஆகும் இயக்கச் செலவுக்காக இந்திய அரசு மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல், ஓராண்டுக்குத் தருவதாக அறிவித்தது. டிக்கெட் விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லைச் செலவை அரசு தோளில் வாங்கிக்கொண்டால் சிறிய கப்பலும் ஓடும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். ஆனால் உதவி என்றும் ஓராண்டு என்றும் சொல்லும்போது அதை நம்பி யார் முதல் போடுவார்? வங்கியில் கடன் கேட்டுப் போகிறவரிடம் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, அடுத்த ஆண்டு என்ன என்பதுதான்.

விசாவின் கதை இன்னும் மோசம். 2023 அக்டோபரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு இலங்கை இலவச விசா அறிவித்தது. 2024 ஏப்ரலில் விசா வழங்கும் வேலையை வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துப் புதிய கட்டணமும் கொண்டுவந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் கூச்சல் குழப்பம். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஓராண்டுக்குள் மூன்று திருப்பம். மண்ணடியில் கொழும்பு டூர் விற்கும் ஏஜென்ட் அடித்த நோட்டீஸ் மை காய்வதற்குள் பொய்யாகிவிடும். வாடிக்கையாளர் அரசைத் திட்டமாட்டார், ஏஜென்டைத்தான் திட்டுவார். பெரிய இணையதள நிறுவனம் ஒரு வரியை மாற்றிவிட்டு நகர்ந்துவிடும். கதிர்காம யாத்திரைக்கு நாற்பது பேரிடம் முன்பணம் வாங்கி வைத்திருக்கும் சின்ன ஏஜென்ட் கைக்காசைப் போட்டுத்தான் வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

மோரேயிலிருந்து ஒரு பாடம்

பாக் நீரிணைக்கு வெளியேயும் தமிழர் இதைப் பார்த்திருக்கிறார்கள். மணிப்பூரின் எல்லையூரான மோரேயில், 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் வந்து தங்கிக் கோயில் கட்டினார்கள், கடை வைத்தார்கள். அந்த ஊரின் பிழைப்பு எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்துபோய் வருவதில் இருந்தது. இரு பக்கமும் 16 கிலோமீட்டர்வரை விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாடு அதற்குத் துணை. 2024 பிப்ரவரியில் அந்த ஏற்பாட்டை நீக்குவதாக இந்தியா அறிவித்தது. ஆண்டு முடிவில் 10 கிலோமீட்டராகச் சுருக்கி, எல்லைப் பாஸ் முறையைக் கொண்டுவந்தது. மியான்மரில் உள்நாட்டுப் போர், மணிப்பூரில் கலவரம், போதைப்பொருள் கடத்தல் என்று காரணங்கள் இருக்கின்றன. ஆனாலும் அடியோடு மூடுவதாகச் சொன்ன அரசே பாஸ் என்ற நடுவழிக்கு இறங்கி வந்தது கவனிக்க வேண்டியது.

அந்த நடுவழி நம் கடலிலும் உண்டு. கச்சத்தீவை விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, அங்கே வரும் இந்திய மீனவரிடமும் யாத்திரிகரிடமும் பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் பதிவு செய்த பட்டியலோடும் அடையாள அட்டையோடும் போகின்றன. கரையிலும் தீவிலும் சோதிக்கிறார்கள். இரண்டு நாளில் திரும்பி வருகின்றன. பாதுகாப்பும் இருக்கிறது, போக்குவரத்தும் இருக்கிறது. இரு அரசுகளும் மனம்வைத்தால் ஊர்க்காரருக்கு ஏற்ற அளவில் விதி எழுத முடியும் என்பதற்கு அனுபவம் கையிலேயே இருக்கிறது.

செலவை யார் தருவது

நூற்றிருபது ஆண்டுக் கதையைக் கூட்டிக் கழித்தால் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு விதிக்கும் பிறந்தநாள் இருக்கிறது, முடிவுநாள் இல்லை. பிளேக் போனபின்னும் மன்னார்ப் பாதை தோணிக்காரருக்குத் திறக்கவில்லை. இன்றைய விதிகளுக்கும் அதே கதி. இத்தனை ஆண்டுக்குப் பின் மறுபரிசீலனை என்று விதியோடேயே ஒரு வரி எழுதினால், நீட்டிக்க விரும்பும் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும். இன்று காரணம் சொல்ல வேண்டியவர் நீக்கச் சொல்கிறவர்தான்.

இரண்டாவது, அளவு. உல்லாசக் கப்பலுக்கும் நாகைக் கப்பலுக்கும் ஒரே சுமை என்பது சமநீதி போலத் தோன்றும். விளைவில் அது பெரியவருக்குத் தரும் சலுகை. உலக விதியை இரண்டு நாடுகள் தனியே மாற்ற முடியாது. ஆனால் அந்த விதி கேட்கும் வேலியையும் கருவியையும் ஆளையும் துறைமுகத்தின் நிரந்தரச் செலவாக அரசு ஏற்றுக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் போலீஸ் நிற்பதற்குப் பேருந்து முதலாளியிடம் நாம் தனியாகப் பணம் வாங்குவதில்லை. நாட்டின் பாதுகாப்புக்காகச் செய்கிற சோதனைக்கு 150 பயணிகளிடம் மட்டும் ஏன் வாங்க வேண்டும்? மண்டபம் முகாமில் எல்லாமே தவறு என்றாலும், சோதனை யாருக்காகவோ அவர்தான் செலவைத் தரவேண்டும் என்ற ஒரு கணக்கு மட்டும் சரியாக இருந்தது. அன்று அவர் தோட்ட முதலாளி. இன்று அவர் அரசு, அதாவது நாம் எல்லாரும்.

மூன்றாவது, முன்னறிவிப்பு. ஓராண்டுக்கானதை ஒரு பருவத்துக்குள் சம்பாதித்தாக வேண்டிய தொழிலில், நடுப்பருவத்தில் விதியை மாற்றுவது வயிற்றில் அடிப்பது. தாக்குதல் நடந்த மறுநாள் அவசர உத்தரவு வரட்டும். யாரும் குறை சொல்லப் போவதில்லை. மற்ற மாற்றங்களைப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதால் எந்த நாட்டின் பாதுகாப்பும் கெட்டுப்போகாது.

தலைமன்னாருக்கு மறுபடி கப்பல் விடுவது பற்றி இரு அரசுகளும் அவ்வப்போது பேசுகின்றன. இறங்குதுறை கட்ட எத்தனை கோடி, எந்த ஆண்டுக்குள் என்றுதான் பேச்சு ஓடுகிறது. அதோடு கூடவே பேச வேண்டிய கேள்விகள் வேறு. அங்கே சோதனைக்கு யார் பணம் தருவது, விசா விதி எத்தனை மாதம் மாறாமல் இருக்கும், பாம்பனிலோ பேசாலையிலோ உள்ள ஒரு சின்ன முதலாளி இதில் இறங்க முடியுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் கப்பல் விட்டால் திறப்பு விழா நன்றாகவே நடக்கும். ஓரிரு பருவத்தில் அந்தப் பயணிகளும் விமான நிறுவனத்தின் கணக்கிலும் இரவுப் படகின் கணக்கிலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.